வாங்காலா பாக்கப் போற நம்ம ஊர் வ்ளாகர் தம்பி தங்கச்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான ட்ராவல் சேனல் தம்பிகளே, தங்கச்சிகளே,

நவம்பர் வருது, மேகாலயாவுல காரோ மக்களோட அறுவடைத் திருவிழா வாங்காலாவும் வருது. உங்கள்ல சில பேர் குவாஹாத்திக்கு டிக்கெட் போட்டாச்சுன்னு உங்க ஸ்டோரிய பாத்தே தெரிஞ்சுது, "நூறு மேளத் திருவிழா, வேற லெவல் சம்பவம் வெயிட்டிங்"னு ஒருத்தர் போட்டிருந்தாரு, கீழ ரெண்டு நெருப்பு எமோஜி. போங்க, நல்லா போயிட்டு வாங்க, போகாதீங்கன்னு சொல்ல நான் யாரு. ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி இந்த அக்கா சொல்றத கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க, ஏன்னா போன தடவ நம்ம ஊர்ல இருந்து வந்த ஒரு டீமால நான் அங்க தலகுனிஞ்சு நின்னது இன்னும் மனச விட்டுப் போகல.

நான் துராவுல, அதாவது மேகாலயாவோட காரோ மலையில இருக்கற ஊர்ல, ஆறு வருஷம் இருந்தவ. சென்ட்ரல் கவர்ன்மென்ட் வேல. போஸ்டிங் ஆர்டர் வந்தப்போ வீட்ல யாருக்கும் துரா எந்தத் திசையில இருக்குன்னே தெரியாது. எங்கப்பா மன்னார்குடி பக்கம் விவசாயி, அவரு கேட்டது ஒரே கேள்விதான், "அங்க நெல்லு வெளையுமா?" வெளையும்ப்பா, ஆனா நம்ம மாதிரி இல்லன்னு சொல்ற அளவுக்கு எனக்கு விஷயம் தெரியவே ஒரு வருஷம் ஆச்சு.

அங்க எனக்கு வீடு வாடகைக்கு விட்டது ஒரு வயசான காரோ அம்மா. நான் அவங்கள ஆம்பின்னுதான் கூப்பிடுவேன், காரோ பாஷையில ஆம்பின்னா பாட்டி. அம்மாவுக்கு ஆமா. (உடனே "காரோ மொழி தமிழ்ல இருந்து வந்ததா? அதிர்ச்சித் தகவல்"னு தம்ப்நெயில் ரெடி பண்ணிடாதீங்க. அது திபெத்தோ பர்மன் குடும்பம், போடோ மொழிக்கு நெருங்கின சொந்தம். உலகத்துல பாதி மொழியில அம்மாவுக்கு இப்படித்தான் பேரு இருக்கும்.)

இதச் சொல்லும்போதே இன்னொன்னும் சொல்லிடறேன், உங்க வீடியோக்கள்ல பாதியில காசி மக்களையும் காரோ மக்களையும் போட்டுக் கலக்கி வெச்சிருக்கீங்க. வேர்ப்பாலம், சிரபுஞ்சி, நோங்க்ரெம் நடனம் எல்லாம் கிழக்க, காசி மலை. நோங்க்ரெமும் நவம்பர் வாக்குல வர்றதால அந்த ஃபுட்டேஜ எடுத்து இதுல ஒட்டிடறீங்க. காசி மொழி வேற குடும்பம், காரோ மொழி வேற குடும்பம், சாமி வேற, துணி வேற. ஷில்லாங்ல இருந்து துரா ரோட்டு வழியா 300 கிலோமீட்டருக்கு மேல. தஞ்சாவூர்க் கோயில காட்டிட்டு இதுதான் மைசூர் தசரான்னு ஒருத்தன் சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும், அப்படித்தான் இருக்கும் அவங்களுக்கும். காரோங்கறதே வெளியாளுங்க வெச்ச பேரு, அவங்க தங்கள ஆசிக்னு சொல்லிக்குவாங்க, பங்களாதேஷ் பக்கம் மாந்தின்னு சொல்லிக்குவாங்க.

சரி, இப்ப வாங்காலாவ நீங்க "வடகிழக்குப் பொங்கல்"னு சொல்ற விஷயத்துக்கு வரேன். நானும் முதல் வருஷம் ஆம்பிகிட்ட ரொம்ப ஆர்வமா சொன்னேன், எங்க ஊர்லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, சூரியனுக்குத்தான் நன்றி சொல்றோம்னு. அவங்க தலையாட்டிக் கேட்டுட்டு, "உங்க சூரியன் வீட்டுக்கு வருவாரா?"ன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்லத் தெரியல. ஏன்னா வாங்காலாவுல மிசி சால்ஜோங் விருந்தாளி. விளைச்சல குடுக்கற சாமி, சால்னா சூரியன். அவர கீழ கூப்பிட்டு, வீட்ல உக்கார வெச்சு, குடிக்கக் குடுத்து, ஆடிக் காட்டி, கடைசியில போயிட்டு வாங்கன்னு வழியனுப்பி வெக்கறதுதான் மொத்தத் திருவிழாவும். நம்ம பொங்கல்ல நாம வாசல்ல நின்னு மேல பாத்துக் கும்பிடறோம், பொங்கலோ பொங்கல்ங்கறோம். வழியனுப்பறது நம்மகிட்ட இல்ல.

தேதியும் அப்படி. தை ஒண்ணுன்னு நமக்கு நாள் கல்லு மாதிரி நிக்குது. அங்க அறுப்பு முடிஞ்சு, கதிர் பருத்தி எல்லாம் வீடு சேந்ததுக்கப்புறம் ஊர்ப் பெரியவங்க உக்காந்து பேசி நாள் குறிப்பாங்க, அதனால செப்டம்பர் கடைசியில இருந்து டிசம்பர் வரைக்கும் ஊருக்கு ஊரு மாறும். அரசாங்க லீவு நவம்பர்ல விடறாங்க, அத வெச்சு "வாங்காலா இந்தத் தேதி"ன்னு அடிச்சு விடாதீங்க.

அந்த விளைச்சல் எங்க இருந்து வருதுன்னு உங்க வீடியோ ஒண்ணுலயும் நான் பாக்கல, எனக்கு அதுதான் பெரிய வருத்தம். எல்லாரும் மேளத்துல ஆரம்பிச்சு மேளத்துல முடிக்கறீங்க. மேளம் கடைசி சீன் தம்பி. டிசம்பர் ஜனவரியில மலைச்சரிவுல காட்ட வெட்டிப் போடுவாங்க, காய விட்டு மார்ச்ல எரிப்பாங்க, அதுக்கு ஆகால்மாகான்னு தனிச் சடங்கு, முதல் மழை விழுந்ததும் குச்சியால குழி போட்டு விதை. நாத்தங்கால் கிடையாது, நடவு கிடையாது, வரப்பு கிடையாது. எங்கப்பா ஒரு தடவ வந்தப்போ ஆம்பியோட தம்பி வீட்டுக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். ஒரே சரிவுல நெல்லு, சோளம், மொளகா, இஞ்சி, பூசணி, சுரை, கெழங்கு, பருத்தி எல்லாம் ஒண்ணோட ஒண்ணா நிக்குது. அப்பா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "இந்தச் சரிவுல நான் நிக்கறதே பெரிசு, இவங்க இதுல அறுக்கறாங்களா"ன்னாரு. மரத்து மேல கட்டின மூங்கில் காவல் பரண் ஒண்ணு இருந்துது, போராங்னு சொல்வாங்க, ராத்திரி யானை வந்தா பயிரையும் காப்பாத்தணும் உயிரையும் காப்பாத்தணும். அதுல ஏறிப் பாக்கணும்னு அறுபத்தெட்டு வயசுல அடம். ஏறவும் செஞ்சாரு.

ரெண்டு வருஷம் ஒரு சரிவுல விதைச்சுட்டு அத காடாக விட்டுட்டு அடுத்த சரிவுக்குப் போயிடுவாங்க. முன்னாடி திரும்பி அதே எடத்துக்கு வர ரொம்ப வருஷம் ஆகும், இப்ப ஜனம் கூடிப் போச்சு, முந்திரியும் பாக்கும் ரப்பரும் மலைய எடுத்துக்கிச்சு, சீக்கிரமே திரும்பி வர வேண்டியிருக்கு, மண்ணுக்கு ரெஸ்ட் இல்ல. ஆம்பியோட தம்பி ஒரு நாள் சிரிச்சுக்கிட்டே கேட்டாரு, "இன்னும் கொஞ்ச நாள்ல சால்ஜோங்குக்கு முந்திரிப் பருப்புதான் வெக்கணும் போல, அவரு சாப்பிடுவாரா?"ன்னு. இத யாராவது ஒருத்தர் ரெக்கார்ட் பண்ணுங்களேன், மேளத்த விட முக்கியமான விஷயம் இது.

புது நெல்ல சாமிக்குக் குடுக்காம வாயில வெக்க மாட்டாங்க, அதுக்கு வாங்காலாவுக்கு முன்னாடியே ரோங்சுகாலான்னு ஒரு படையல் இருக்கு. ரோங்சுன்னா அவல். புது நெல்லுல இடிச்ச அவல். பாத்தீங்களா, இதுல நம்ம ஊர் வாசனை கொஞ்சம் வருது, இதையெல்லாம் விட்டுட்டு சூரியனப் புடிச்சுக்கிட்டு பொங்கல்ங்கறீங்க.

வாங்காலா முதல் நாள் நோக்மா வீட்ல. நோக்மாங்கறது ஊர்த் தலைவர். வீட்டுக்குள்ள நடுவுல வாழையெலை போட்டு அந்த வருஷம் வெளைஞ்ச நெல்லு, காய், கெழங்கு, அது பக்கத்துல வெட்டுக்கத்தி, களைக்கொத்து எல்லாம் வெச்சிருப்பாங்க. பூசாரி மந்திரம் சொல்வாரு, அவருக்கு கமால்னு பேரு (நம்ம கமல் இல்ல). அரிசியில ஊற வெச்ச சூ, அதாவது அவங்க அரிசிக் கள்ளு, அத அந்த எலை மேல ஊத்துவாங்க. இதுதான் ருகாலா. அப்புறம் சாசாத் சோஆ, குங்கிலியம் மாதிரி பிசின் போட்டுப் புகை. மூங்கில் வீடு, ஜன்னல் கிடையாது, உள்ள ஒருத்தர் மொகம் ஒருத்தருக்குத் தெரியாத அளவுக்குப் புகை. உங்க கேமராவுல ஒண்ணும் விழாது. எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது, பக்கத்துல ஆம்பி கை மட்டும் தெரியுது. அதுக்கப்புறம்தான் தாமாங்கற மேளம் வெளிய வரும், ஆட்டம் ஒவ்வொரு வீடாப் போகும், வீட்டுக்கு வீடு சூ, சோறு, பன்னிக் கறி, சிரிப்பு, கிண்டல். கடைசியில திரும்ப நோக்மா வீட்டுக்கே வந்து சால்ஜோங்க அனுப்பி வெச்சுட்டு மேளத்த உள்ள வெச்சுடுவாங்க.

இந்த எடத்துலதான் நான் சொன்ன அந்த டீம். சேனல் பேரு வேண்டாம், சம்பந்தப்பட்டவங்களுக்குத் தெரியும். நான்தான் ஆம்பிகிட்ட கெஞ்சி அவங்க சொந்தக்கார ஊருக்குக் கூட்டிட்டுப் போனேன், தமிழ்ப் புள்ளைங்க, நல்லா காட்டுவாங்கன்னு. உள்ள ருகாலா முடிஞ்சுது, ஊத்தியாச்சு. நம்ம தம்பி சொல்றாரு, "அக்கா, ஃபோகஸ் போயிடுச்சு, இன்னொரு தடவ ஊத்தச் சொல்லுங்களேன், ஒன்ஸ் மோர்." நான் மொழிபெயர்க்கல. மொழிபெயர்க்கலன்னாலும் அவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு, சைகையில கேட்டுட்டாரே. வந்த விருந்தாளிக்கு வரவேத்து தண்ணி குடுத்தாச்சு, இப்ப வெளிய போயி திரும்ப உள்ள வாங்கன்னு சொல்ற மாதிரி அது.

அதோட விட்டாரா. மூலையில பெரிசா ஒரு மேளம் இருந்துது, போயி தட்டிப் பாத்தாரு. அது தாமா இல்ல, க்ராம். தாமாவ வெளிய எடுத்து எல்லாரும் அடிக்கலாம், க்ராம் சடங்குக்கு மட்டும்தான், நோக்மா வீட்ட விட்டு வெளிய வராது. ஒரு பெரியவர் எந்திரிச்சு வந்து அவர் கைய மெதுவா எடுத்து விட்டாரு, திட்டல, அடிக்கல. அந்த மௌனத்துக்குப் பதிலா நாலு வார்த்த திட்டியிருக்கலாம்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. நோக்மாகிட்ட இன்டர்வ்யூ எடுக்கறப்போ பக்கத்துல நின்ன அவரு வீட்டம்மாவ "ஃப்ரேம்ல இருந்து கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க"ன்னாங்க. வீடியோவுல அவருக்கு "இந்த மலையின் ராஜா"ன்னு டைட்டில். தம்பி, அந்த மலைக்கு ராஜா கிடையாது. ஊர் நெலத்துக்கு ஆகிங்னு பேரு, அது அம்மா வழிக் குலத்துக்குச் சொந்தம், பொண்ணு வழியா இறங்கறது. அந்தம்மா அந்தக் குலத்து வாரிசு, அவங்களக் கட்டினதாலதான் அவரு நோக்மா. பசங்களுக்கு அம்மா குலப் பேருதான், சங்மா, மாராக், மொமின்னு நீங்க கேக்கற பேரெல்லாம் அம்மா குடுத்தது. நிலத்துக்காரிய ஓரமா நிக்க வெச்சுட்டு மருமகன்கிட்ட பேட்டி எடுத்துட்டு வந்திருக்கீங்க. இத அந்தம்மாகிட்ட சொல்லி மன்னிப்புக் கேட்டப்போ அவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க, எனக்குத்தான் சிரிப்பு வரல.

சூ விஷயமும் சொல்லணும். "ட்ரைபல் சரக்கு சேலஞ்ச்"னு தம்ப்நெயில், வாயப் பொத்திக்கிட்டு ஒரு மூஞ்சி. அது சாமிக்கு ஊத்தினது. புளிக்க வெக்கறதுக்கு அரிசி மாவுல மூலிகை சேத்து உருண்டை பண்ணிக் காய வெச்சு, மண் பானையில நாள் கணக்குல விட்டு, சுரைக்குடுவையில மொண்டு குடுக்கற பண்டம், வீட்டுக்கு வீடு ருசி மாறும். 2024ல மேகாலயாவோட சூபிச்சிக்கும், அதாவது இந்த அரிசிக் கள்ளுக்கும், பொண்ணுங்க கட்டற தக்மாந்தா நெசவுக்கும் புவிசார் குறியீடே குடுத்தாச்சு. நம்ம திண்டுக்கல் பூட்டுக்கும் காஞ்சிபுரம் பட்டுக்கும் இருக்கற அதே குறியீடு. குடிக்கப் புடிக்கலன்னா வேண்டாம்னு கைகூப்புங்க, யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க, நானே ஆறு வருஷமும் உதட்ட மட்டும்தான் நனைச்சேன்.

இப்ப நீங்க நிஜமாவே போகப்போற எடம், அசனாங். துராவுக்கு வர்ற வழியிலயே ஊருக்கு முன்னாடி இருக்கு. நூறு மேள வாங்காலா நடக்கறது அந்தப் பக்கம்தான். இத "ஆயிரம் வருஷப் பழமையான திருவிழா"ன்னு சொல்லாதீங்க. வாங்காலா பழசு. நூறு மேளம் 1976ல ஆரம்பிச்சது. ஒரு குழுவுக்குப் பத்து தாமா, முப்பது ஆட்டக்காரங்க, பத்துக் குழு, அதனால நூறு. மைதானம், மேடை, சீஃப் கெஸ்ட், ஸ்டால் எல்லாம் இருக்கும்.

ஏன் 1976ல அப்படி ஒண்ணு தேவைப்பட்டுச்சுன்னு யோசிச்சீங்களா? ஓமெத், ராம்கேன்னு ரெண்டு காரோ ஆளுங்க 1863ல குவாஹாத்தியில ஞானஸ்நானம் வாங்கினதுல இருந்து கதை தொடங்குது. அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷன், அப்புறம் கத்தோலிக்க மிஷன், கொஞ்சம் கொஞ்சமா பெரும்பாலான காரோ ஜனம் கிறிஸ்தவங்க ஆயிட்டாங்க. பள்ளிக்கூடம், எழுத்து எல்லாம் அதோட வந்துது, அத யாரும் அங்க மறுக்க மாட்டாங்க. ஆனா மேளம், சூ, சால்ஜோங் மூணும் தள்ளி வெக்கப்பட்டுச்சு. பழைய வழிபாட்டுல இருக்கறவங்கள சோங்சாரெக்னு சொல்றாங்க, இப்ப ரொம்பக் கொஞ்சம் பேரு, பெரும்பாலும் வயசானவங்க. மேளம் அடிக்கற கையெல்லாம் கொறஞ்சுக்கிட்டே போகுதேன்னு பயந்த ஆளுங்க ஒண்ணு சேந்து பத்து ஊரையும் ஒரே மைதானத்துக்குக் கூட்டிட்டு வந்ததுதான் அசனாங்.

அதனால சில "ஆழமான" வ்ளாகருங்க வேற சொல்றாங்களே, "அசனாங் எல்லாம் டூரிஸ்ட் ஷோ, ஒரிஜினல் கிராமத்துலதான்"னு, அந்தப் பேச்சும் எனக்குப் புடிக்கல. முதல் வருஷம் நானும் அப்படித்தான் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கிட்டு ஸ்டால்ல டீ குடிச்சுக்கிட்டு இருந்தேன். நூறு தாமாவும் ஒரே அடியில சேந்தப்போ கையில இருந்த டீயில ஆடை நடுங்குச்சு. எனக்குப் பக்கத்துல ஆம்பி, ஞாயித்துக்கெழம தவறாம சர்ச்சுக்குப் போறவங்க, வாய்க்குள்ளயே தாளம் போட்டுக்கிட்டு நிக்கறாங்க, கால் தன்னால தரையத் தட்டுது. சின்ன வயசுல அவங்க வீட்ல மேளத்துப் பக்கமே விட மாட்டாங்களாம். அவங்களுக்கு அசனாங் ஷோ இல்ல. நீங்க யாரு, நான் யாரு அத ஷோன்னு சொல்ல.

ஆட்டத்தையும் கொஞ்சம் பாத்துப் படம் எடுங்க. எல்லா ஆட்டமும் ஒண்ணு கிடையாது. ரெண்டு புறா ஒண்ண ஒண்ணு கொத்திக்கற மாதிரி ஒண்ணு, தோக்ரு சுஆ. பம்ளிமாஸ் பழத்த கயித்துல கட்டி இடுப்புல தொங்க விட்டுக்கிட்டு, கையால தொடாம சுத்த வெக்கறது ஒண்ணு, சம்பில் மெசா, அத முயற்சி பண்ணிப் பாருங்க, ரீல்ஸுக்கு அதுதான் நிஜமான சேலஞ்ச், இடுப்பு கழண்டுடும். தலைப்பாகையில சேவல் எறகு, முன்னாடி ஆடறவங்க கையில மில்லாம் கத்தி, ஸ்பி கேடயம், எருமைக் கொம்புல பண்ணின ஊதுகொம்பு ஆதில், வெண்கலத் தட்டு ராங். அந்த ராங்க சும்மா ஜால்ரான்னு கமென்டரியில சொல்லாதீங்க, தலைமுறை தலைமுறையா வர்ற குடும்பச் சொத்து அது, ஒரு வீட்ல எத்தன ராங் இருக்குங்கறது ஒரு காலத்துல அவங்க மதிப்பு.

மனசு இருந்தா பார்டர் தாண்டி பங்களாதேஷ் பக்கமும் ஒரு வார்த்த சொல்லுங்க. மதுபூர், நேத்ரகோனா, மைமன்சிங் பக்கம் காரோ ஜனம் இருக்காங்க, அவங்களும் வாங்காலா கொண்டாடறாங்க, டாக்காவுல வேலைக்குப் போன புள்ளைங்க டாக்காவுலயே நடத்தறாங்க. அங்க கத்தோலிக்கக் கோயில்கள்ல கிறிஸ்து அரசர் திருநாளோட சேத்து அதே நெல்லக் கொண்டு வந்து வெக்கறாங்க. சாமி மாறினாலும் நெல்லு மாறல பாருங்க.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. அசனாங்ல எவ்ளோ வேணா எடுங்க, அது பாக்கறதுக்குன்னே நடக்கறது. ஆனா கிராமத்துக்குப் போனா ட்ரோன பையிலயே வெச்சுக்கோங்க, வீட்டுக்குள்ள கேமரா எடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, நோக்மாகிட்ட மட்டும் இல்ல, வீட்டம்மாகிட்டயும். அந்த டீம் தம்பிகளுக்கு மட்டும் தனியா: அந்த "ராஜா" டைட்டிலையும் சரக்குத் தம்ப்நெயிலையும் மாத்திடுங்கப்பா, ஆம்பியோட பேத்தி சென்னையில நர்சிங் படிக்கறா, தமிழ் நல்லாவே படிப்பா, எனக்கு அந்த லிங்க்க அனுப்பி "இது என்ன எழுதியிருக்கு ஆன்ட்டி"ன்னு தெரிஞ்சுக்கிட்டே கேட்டா.

இன்னொன்னு, மறந்தே போயிட்டேன். வாங்காலா அன்னிக்கு அரிசி மாவக் கரைச்சு அதுல உள்ளங்கைய முக்கி வீட்டுத் தூண்ல, சுவத்துல எல்லாம் அச்சு வெப்பாங்க, வந்த விருந்தாளி முதுகுலயும் வெப்பாங்க. போன தடவ நம்ம தம்பி ஒருத்தர் "ஐயோ ஜாக்கெட்டு"ன்னு துள்ளிக் குதிச்சு வெட் டிஷ்யூ எடுத்துத் தொடைச்சாரு, கைய நீட்டின பாட்டி கை நீட்டினபடியே நின்னாங்க. இந்தத் தடவ யாராவது வெள்ளக் கையோட பின்னாடி வந்தா நகராம முதுகக் காட்டி நில்லுங்க. நம்ம வாசல் கோல மாவுதான், தொவைச்சா போயிடும்.

இப்படிக்கு,
துராவுல ஆறு வருஷம் வாடகைக்கு இருந்த ஒரு அக்கா